தண்ணித் துப்பாக்கிக்கு ஒரு வாஷர்

ஏப்ரல் 7, செவ்வாய்

கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. அவருடைய மகள் இன்னும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க", "அப்பா உங்களை வரச் சொன்னாரு" — அவ்வளவுதான். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. கொஞ்சம் குறைந்தால் தேவலை. "சித்தின்னு கூப்பிடேன்" என்று அவர் ஒரு தடவை சொன்னார். தலையை ஆட்டினாள், அதோடு சரி. அவளை அவர் வாண்டு என்பார். நான் இங்கே மட்டும் அப்படி எழுதிக்கொள்கிறேன்.

இன்று வாண்டு பரண்மேலிருந்து அவர் சின்ன வயதில் வைத்திருந்த தண்ணித் துப்பாக்கியை இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பிள்ளைகளுக்குள் தண்ணீர்ச் சண்டையாம். கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் முன்னால் பாய வேண்டிய தண்ணீர் பின்னால் வழிந்து அவள் முழங்கையை நனைக்கிறது. "தூக்கிப் போடு, புதுசு வாங்கிக்கலாம்" என்றார் அவர். அவள் முகம் வாடிவிட்டது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "கொடு, நான் சரிபண்றேன்" என்றேன். ஏன் சொன்னேன்? ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்?

ஏப்ரல் 8, புதன்

பிரித்தாயிற்று. உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற தண்டின் நுனியில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர். ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. துணி என்றால் ஒட்டுப்போட்டுவிடலாம், இதற்கு என்ன செய்வது? குழாய்க் கடைக்காரரிடம் காட்டினேன். "இந்த சைஸ் இப்ப வர்றதில்லம்மா" என்று கைவிரித்துவிட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

தையல் மெஷின் காலுக்கு அடியில் வைத்திருந்த ரப்பர் துண்டை உருவி, துணி வெட்டும் கத்தரியாலேயே வெட்டினேன். அதே கத்தரியால் பால் பாக்கெட்டை வெட்டினதற்காக அவரிடம் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசாதவள் நான்.

வாஷர் உள்ளே போக அடம்பிடித்தது. மூச்சைப் பிடித்துத் திணித்து, மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். வழவழவென்று ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

ஏப்ரல் 10, வெள்ளி

அந்தப் பெருமை ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. எண்ணெய் குடித்த ரப்பர் உப்பிப்போய், கைப்பிடி அசையவே மாட்டேன் என்கிறது. நாளை மறுநாள் சண்டை. போச்சு. அந்தப் பொண்ணு என்னை நம்பித்தானே குடுத்தா? அவங்க அப்பா சாமானையும் சேத்துக் கெடுத்து வெச்சிருக்கேன். எப்படி அவ மூஞ்சில முழிப்பேன்?

ஏப்ரல் 11, சனி

சொல்லிவிட்டேன். அவள் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் பிடிச்சுக்கறேன், நீங்க இழுங்க."

இழுத்தேன். தண்டு பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் தைக்க வைத்திருந்த துணிக்குவியலில் மல்லாக்க விழுந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் எழுந்திருக்காமல் கிடந்தபடியே சிரித்தேன்.

பிறகு பழைய வாஷரை என் வாஷர்மேல் வைத்துப் பார்த்தாள். "ஏன் இவ்வளவு பெருசா வெட்டினீங்க?"

அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட உடுப்பு வெட்டும்போது, வளர்ந்தால் பிரித்துவிட வசதியாக ஓரத்தில் துணி விடுவேன். இதற்கும் கை தானாக விட்டிருக்கிறது. அவளிடம் சொன்னேன். கொடியில் கிடந்த தன் யூனிஃபார்மின் அடி மடிப்பைத் தூக்கிப் பார்த்தாள். நான் வந்த புதிதில் தைத்துக் கொடுத்தது. நல்ல அகல மடிப்பு.

"நான் வளருவேன். இது வளராது" என்றாள்.

அவளே சாக்பீஸால் பழைய வாஷரைச் சுற்றிக் கோடு போட்டாள். நான் கோட்டுமேலேயே வெட்டினேன். எண்ணெய் வேண்டாம், சோப்புத் தண்ணீர் தடவலாம் என்பதும் அவள் யோசனைதான். குளியலறைக்குக் கொண்டுபோய் ஒரு தள்ளு தள்ளினோம். எதிர்ச் சுவர்வரை பாய்ந்தது. நடுவில் அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். சண்டை முடிந்தபிறகு எடுத்தால் ஆகாதா? ஆகும். ஆனாலும் போனேன்.

தண்ணீர்த் தொட்டி மறைவிலிருந்து முதுகில் சுளீரென்று அடித்தது. திரும்பினால் வாண்டு. துப்பாக்கி ஒழுகவில்லை, முழங்கை காய்ந்தே இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"ஏய், அவங்க ஆட்டத்துலயே இல்லையே" என்றான் பக்கத்து வீட்டுப் பையன்.

"இருக்காங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சித்தி, நீ அவுட்டு. ஓரமாப் போய் உக்காரு."

ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். எடுத்த துணியெல்லாம் மடியில் நனைந்துகொண்டிருந்தது. ஆட்டம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.