அக்கா நிறுத்திய இடம்

செவ்வாய், ஜூலை 8

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கம்ப்யூட்டர் டிஸ்க் நிறைந்துவிட்டது, சிவப்புக் கோடு காட்டுகிறது.

எங்கள் டிவிக்குப் படமெல்லாம் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. அக்கா அமைத்தது. பள்ளியை விட்ட பிறகு அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிவியைப் போட்டதும் நாலு பேருக்கு நாலு அடையாளப் படம் வரும். அப்பாவுக்கு ரயில், அம்மாவுக்கு ரோஜா, எனக்குப் பூனை, அக்காவுக்குக் கிளி. யார் எதை எங்கே நிறுத்தினார்களோ அது அவரவர் படத்துக்குள் அப்படியே நிற்கும்.

பக்கத்து வீட்டு ரோஸி ஆன்ட்டி கிளியைப் பார்த்துவிட்டார். "இன்னும் ஸ்டெல்லா கீறாளா உங்க டிவியில?"

அவர் போனதும் அப்பா: "பாப்பா, அத்த எடுத்துடு. அவ போட்டு வெச்சதெல்லாம் எடு. எடமாவது கெடைக்கும்."

ஏப்ரலில் அக்கா பக்கத்து ஊர் பேத்தமங்களாப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். சர்ச்சில் இல்லை, அவர்கள் ஊர்க் கோயிலில். அப்பா அவள் பேரைச் சொல்வதில்லை. எங்களையும் போன் பண்ண விடுவதில்லை.

எடுப்பதற்கு முன் கிளியைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் தொடர். போகும்போது ஆறாவது பகுதியில் நின்றது, நன்றாக ஞாபகம். இப்போது ஒன்பது முடிந்திருக்கிறது. கடைசியாகப் பார்த்தது போன வெள்ளி மாலை.

வெளியிலிருந்து போனில் பார்க்க அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். அங்கிருந்து பார்க்கிறாள்!

எடுக்கவில்லை. அப்பா கேட்டால் "ம்" என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்கவில்லை.

புதன், 9

அவள் அடுத்துப் பார்க்க வேண்டிய பத்தாவது பகுதி மோசமான காப்பி. வாய் அசைந்து முடிந்த பிறகு குரல். ராபர்ட்சன்பேட்டை மொபைல் கடையில் தெளிவான காப்பி கிடைத்தது. கடையில் கூட்டம். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது, காகிதத்தில் எழுதி நீட்டினேன்.

மாற்றும்போது கவனம்: பழைய பெயர் அப்படியே, அதே ஃபோல்டர். பெயர் மாறினால் புதுப் படம் என்று எடுத்துக்கொள்ளும். நிறுத்திய இடம் போய்விடும்.

ரோஸி ஆன்ட்டி வாசலில் அம்மாவிடம்: "பெரியவ ஓடிட்டா. சின்னவ கம்ப்யூட்டர உட்டு எழுந்துக்க மாட்டேங்கறா. அதுக்கே கட்டி வெச்சிடுங்க."

அம்மா: "வரதட்சண கேக்காது. நல்ல மாப்ள தான்."

உள்ளே எனக்குச் சிரிப்பு. அம்மாவுக்கு இவ்வளவு வாய் உண்டென்று தெரியாது.

சாயங்காலம் ஒரு எண்ணம். பத்தாவதுக்கு முன்னால் எங்கள் வீட்டைக் கொஞ்சம் ஒட்டி வைத்தால்?

வியாழன், 10

போனில் எடுத்தவை:
எங்கள் நாய் டாமி குழாயடியில் தண்ணீர் குடிப்பது.
தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைட் மேடு, மழைக்குப் பிறகு ஓரமெல்லாம் பச்சை.
அம்மா கருவாடு கழுவுவது. நான் எடுப்பது தெரியாமல், "ஸ்டெல்லா வாங்கினா இவ்ளோ மண்ணு இருக்காது" என்கிறாள்.

கடைசியில் நான் பேச வேண்டும். திரும்பத் திரும்ப எடுத்தேன். எவ்வளவோ சொல்ல நினைத்து, "அக்கா" மட்டும்தான் வந்தது. போகட்டும். ஒட்டி, பழைய பெயரிலேயே போட்டுவிட்டேன்.

சனி, 12

பார்த்துவிட்டாள்! நேற்று மாலை, நானும் அம்மாவும் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். பத்தாவது முழுவதும்.

அரிசி களையும்போது பாடினேன் போலிருக்கிறது. அம்மா: "இன்னாடி, காய்ச்சலா?"

ஞாயிறு, 13

ஆராதனை முடிந்து வந்து சாப்பாடு. கோழிக் குழம்பு. அம்மா ரசம் எடுக்க உள்ளே போனாள். அப்பா தட்டைப் பார்த்தபடி:

"அந்த பத்தாவதுல நம்ம டாமி வருது."

நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன்.

"கிளிய... நீங்களாப்பா?"

"வெள்ளிக்கெழம நீங்க ஜெபத்துக்குப் போய்டுறீங்க. சும்மா ஒக்காந்துனு இன்னா பண்றது?" குழம்பை ஊற்றிக்கொண்டு, "அவ உட்ட எடத்துலேர்ந்துதான் ஓடுது. முன்னாடி கத தெரியல. அந்த நரச்ச மீசக்காரன் நல்லவனா, கெட்டவனா?"

"கெட்டவன்ப்பா."

"நெனச்சேன்."

ரசம் வந்தது.

பிறகுதான் தேடிப் பார்த்தேன். மே மாதம் நெட் இணைப்பு மாற்றியபோதே அக்காவின் வழி அடைபட்டிருக்கிறது. அவள் எதையும் பார்க்கவில்லை. நான் "அக்கா" என்றதைக் கேட்டவர் அப்பா.

திங்கள், 14

வெயில். அப்பா தினமும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலுக்குப் போகவில்லை. லீவாம். சர்ச்சுக்குப் போடும் சட்டை.

"பாப்பா, பென் டிரைவ் கீதா?"

"கீதுப்பா."

"அந்தத் தொடர அதுல போட்டுக் குடு. ஏரிப் பக்கம் ஒரு வேல கீது."

ஏரி பேத்தமங்களாவில். அங்கே அப்பாவுக்கு என்ன வேலை!

"எதுலேர்ந்துப்பா?"

"அவ உட்ட எடத்துலேர்ந்து." வாசல் வரை போய்த் திரும்பி, "டாமி வர்றத எடுத்துடாத."

ஆறிலிருந்து போட்டுக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்தார். வெளியே எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். டாமி பஸ் நிற்கும் இடம் வரை பின்னாலேயே போயிற்று.

டிஸ்க்கில் இன்னும் சிவப்புக் கோடு.