நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு

பள்ளி ஆண்டு மலரில் என்னைப் பற்றி அச்சிட்டிருப்பது தவறு. "முன்னாள் தலைமையாசிரியை அவர்களின் கண்ணும் தவறியதில்லை, தீர்ப்பும் தவறியதில்லை" என்று போட்டிருக்கிறார்கள். கண் தவறவில்லை என்பது உண்மை. தீர்ப்பு ஒரு முறை தவறியது. தவறியது என்பதுகூடப் பொருந்தாது. தெரிந்தே மாற்றிச் சொன்னேன். அதே பக்கத்தில் நான் எடுத்த ஓட்டப் பந்தயப் படம் இருக்கிறது. அடியில் என் தங்கை ஸ்டெல்லாவின் பெயர், "முதல் பரிசு" என்ற சொல்லோடு. உன் பெயர் இல்லை. அவள் பக்கத்தில் நீ ஒரு புகைபோல இருக்கிறாய்.

நீ காலமாகிவிட்டாய் என்று உன் மகள் எழுதிய கார்டு வந்த வாரத்தில்தான் இந்த மலரும் வந்தது. இரண்டும் மேசையில் அருகருகே கிடக்கின்றன.

உலகப் போர் முடிந்து, பிலிம் சுருள் மறுபடி கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். கன்னியர் பள்ளியில் நான் படித்து முடித்து, சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் ஸ்டெல்லாவும் கடைசி வகுப்பு. பள்ளியில் நீ என்னை "அக்கா" என்பாய். உன் அம்மாவோடு எங்கள் நிலக்கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்க வரும் நாட்களில், முதலாளி வீட்டுப் பெண் என்று, "சின்னம்மா" என்பாய். இரண்டு பெயர்களையும் நீ ஒரே ஒரு முறை தவிர மாற்றிக் கூப்பிட்டதில்லை. நானும் உன்னைத் திருத்தவில்லை.

என் அப்பா, எங்கள் நைனா, வாங்கித் தந்த மடக்குக் கேமராவோடு ஓர் ஆங்கிலக் குறிப்புத்தாள் இருந்தது. ஓடுகிறவர்களை எடுக்க ஷட்டரை நூறில் வை என்று அதில் போட்டிருந்தது. அப்படியே வைத்து, அசையாமல் நின்று உன்னை எடுத்தேன். மலை தெளிவாக விழுந்தது. நீ கரைந்து போயிருந்தாய். எனக்குத் தோல்வி பிடிக்காது. கேமரா நின்றால் ஓடுகிறவள் கரைகிறாள்; கேமராவும் அவளோடு ஓடினால் என்ன என்று யோசித்தேன்.

சக்கரக்குளத்துப் பக்கத்து வெட்டவெளியில் அதைப் பழகினோம். பிலிமை வீணாக்க முடியாது. வெறும் கேமராவை வைத்துக்கொண்டு எத்தனை மாலைகள்! ஷட்டர் இருபத்தைந்தில், அதாவது நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அவ்வளவு நேரம் திறந்திருந்தால் வெளிச்சம் மிஞ்சிவிடும் என்று லென்ஸ் துளையைப் பதினாறுக்குச் சுருக்கினேன். தூரத்தை முன்கூட்டியே பதினைந்து அடிக்கு வைத்து, அந்தத் தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, உன்னை அதன்மேல் ஓடச் சொன்னேன். என் பாதம் நகரக் கூடாது, இடுப்பு மட்டும் திரும்ப வேண்டும். கேமராவின் மேல் கண் வைத்துப் பார்க்கும் கம்பிச் சட்டத்துக்குள் உன்னைத் தொலைவிலேயே பிடித்து, உன் வேகத்திலேயே கூட வந்து, எதிரே வரும்போது அழுத்த வேண்டும். அழுத்திய பின்னும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கை உதறிப் படம் கெடும்.

"நான் ஓடறேன், நீ நின்ன எடத்துல சுத்தற. மூச்சு மட்டும் உனக்குத்தான் வாங்குது!" என்று சிரித்தாய்.

"வாயை மூடிக்கொண்டு இன்னொரு தடவை ஓடு" என்றேன். ஓடினாய்.

அந்த ஆண்டு ஓட்டத்தில் முதலில் வருபவளை உடற்பயிற்சி சொல்லித்தரும் டிரில் ஆசிரியைப் பயிற்சிக்கு மதராஸுக்கு அனுப்புவதாகப் பள்ளியை நடத்திய கன்னியர் தலைவி மதர் சொல்லியிருந்தார். ஓரிடம்தான். உனக்கு அது கொல்லை வேலையிலிருந்து வெளியே போகும் ஒரே வழி. ஸ்டெல்லாவுக்கு அது ஒரு பெருமை, அவ்வளவே. பந்தயத்தன்று பூசைக்குப் போகும் வழியில் நைனா, "நம்ம கொல்லையில வேல செய்யறவ பொண்ணு ஸ்டெல்லாவ முந்திட்டா, ஊர்ல நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு நடக்கறது?" என்றார். அவர்மேல் பழி போட இதை எழுதவில்லை. பிறகு பேசிய வாய் என்னுடையது.

முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பழகியது உன்னோடு, அன்று கேமராவைத் திருப்பியது ஸ்டெல்லாவோடு. நெடுந்தூரம் சட்டத்துக்குள் அவள் மட்டும்தான். பிறகு பின்பக்க ஓரத்திலிருந்து உன் தோள் நுழைந்தது. நீங்கள் இருவரும் ஒரே வரிசைக்கு வந்த நொடியில், கோட்டுக்குச் சற்று முன்பே, அழுத்தினேன். நாமே வகுத்த விதிப்படி திரும்புவதை நிறுத்தவில்லை. அதனால் பார்த்தேன். கோட்டை முதலில் தாண்டியது நீ. ஒரு முழத் தூரம் முன்னால்.

கோட்டின் குறுக்கே கட்டியிருந்த காகிதக் கொடி நூல் காற்றில் அதற்கு முன்பே அறுந்துவிட்டது. மதர் குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்து இரண்டு தலைகளும் ஒன்றாகத் தெரிந்தன. பாதிப் பேர் உன் பெயரைக் கத்தினார்கள், பாதிப் பேர் ஸ்டெல்லாவை. "கேமரா பொய் சொல்லாது. படம் வரட்டும்" என்றார் மதர்.

புதுச்சேரியில் கழுவிப் படம் வர இரண்டு வாரம் ஆயிற்று. மதர் தம் அறைக்கு என்னோடு உன்னையும் அழைத்து, படத்தை என்னிடம் கொடுத்தார். பின்னாலிருந்த ராஜகிரி மலைப் பாறைகள் கிடைமட்டக் கோடுகளாக இழுபட்டிருந்தன. கொடிக்கம்பம் வெறும் நிழல். இருவரும் ஒரே வரிசையில்; கேமரா கூடவே திரும்பியதால் ஸ்டெல்லா சிலைபோலத் தெளிவாக இருந்தாள். அவளைவிட வேகமாக வந்ததால் நீ கலைந்திருந்தாய். அது எனக்கு மட்டும் விளங்கும்.

"நீ படித்தவள். பார்த்துச் சொல்" என்றார் மதர்.

"தெளிவாக இருப்பவள்தான் முதலில், மதர்."

அவர் தலையசைத்தார். நீ படத்தை எட்டிப் பார்த்தாய்.

"ஏன்கா, ஸ்டெல்லா கல்லாட்டம் கீது, நான் பொகையாட்டம் கீறேன்?" என்றாய். பிறகு தாழ்ந்த குரலில், "நீ அமுக்கின அப்பாலயும் சுத்தினியே. நிறுத்த மாட்டியே நீ. பாத்திருப்பியே?"

மதருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"பார்க்கவில்லை" என்றேன்.

"சரிங்க சின்னம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். பள்ளிக்குள் நீ அப்படிக் கூப்பிட்டது அன்றுதான்.

மதராஸுக்குப் போன ஸ்டெல்லா, அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். அந்த இடம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் "பொய் சொன்னேன்" என்று மட்டும் சொன்னேன்; என்ன பொய், யாரைக் கெடுத்தது என்று சொல்லவில்லை. என் கணவர் கண்மூடும் வரை அவரிடமும் சொல்லவில்லை. ஆண்டுகள் கழித்து மேல்மலையனூர் பேருந்து நிற்கும் இடத்தில் உன்னைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, தலையில் மல்லாட்டை மூட்டை. "அந்தக் கேமரா இன்னும் கீதா?" என்று கேட்டாய். கேலியா, வெறும் விசாரிப்பா, இன்றுவரை தெரியாது. "பஸ் வந்துவிட்டது" என்றேன். அது என் பஸ் அல்ல. ஆனாலும் ஏறிவிட்டேன்.

எத்தனையோ பிள்ளைகளைப் பொய்க்காக வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உன் நினைவு வந்தது. ஆனாலும் நிற்க வைத்தேன்.

படத்தில் விழாத ஒன்று என்னிடம் இருக்கிறது. கோட்டைத் தாண்டியதும் நீ மூச்சிரைக்கத் திரும்பி, கூட்டத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாய். நாம் பழகியது பலித்துவிட்டது, படம் சரியாக விழுந்துவிட்டது என்ற சிரிப்பு. ஷட்டர் அதற்குள் மூடிவிட்டது. என் கண் மூடவில்லை.

நடந்ததை முழுதும் பள்ளிக்கு எழுதிவிட்டேன். அடுத்த மலரில் திருத்தம் போடுவார்களாம். உன் குடும்பத்தார் சம்மதித்தால் உன் பெயரையும் போடுவார்களாம். அதனால் இந்த மடலை உன் மகளுக்கு அனுப்புகிறேன். இதைப் படிக்கும் மகளே, உன் தாயின் பெயரைப் போடலாமா, வேண்டாமா என்று எனக்குச் சொல். என்மேல் கோபம் இருந்தால் அதையும் சொல். நேரில் வராதே, வந்தால் நான் பேசிப் பேசி உன் வாயை அடைத்துவிடுவேன், அது எனக்குப் பழக்கம். தயவுசெய்து கடிதமாகவே எழுது.