பெரியவளைக் கேள்

கந்தப்பளை
14.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சுகம். நீ வவுனியாவுக்கு டீச்சராப் போனதுல இருந்து அம்மாவுக்குப் பெருமையில நடையே மாறிப்போச்சு.

போன்ல சொன்னா பக்கத்து வீட்டுக் காம்பரா வரைக்கும் கேட்கும், அதனால எழுதுறேன். முகத்துல கட்டி கட்டியா வருது. சின்னப் பரு இல்லக்கா, உள்ளுக்குள்ள கோலிக்குண்டு மாதிரி. கொழுந்துக் கூடைக் கயிறு நெத்தியில படுற இடத்துல தொட முடியல. முதுகுலயும் இருக்கு. கூடக் கொழுந்து பறிக்கிற காளியாயி அக்கா, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போடி"ங்கிறாங்க. அம்மா விடல. "காளியாயி எந்தக் கெம்பஸ்ல படிச்சா? பெரியவளைக் கேளு, அவ சொன்னா சரி"ன்னுட்டாங்க.

என்ன செய்யட்டும்?

உன் பாசமுள்ள தங்கச்சி,
ஐவி

வவுனியா
22.01.2024

பாசமுள்ள ஐவிக்குட்டிக்கு,

இடைவேளை முடியப் போகிறது, அவசரமாக எழுதுகிறேன். இதற்குப் போய்ப் பயப்படலாமா? கெம்பஸ் போன முதல் வருடம் எனக்கும் பரு வந்தது, தானாகவே போய்விட்டது. இருபது வயது தாண்டினால் உனக்கும் போய்விடும். சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவு. தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளிச்சாற்றைப் பூசு. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம். உன் படம் ஒன்று அனுப்பு.

அன்புடன் அக்கா,
யூஜினா

கந்தப்பளை
09.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே காலையும் சாயந்தரமும் தேய்க்கிறேன். சில நாள் ரத்தம் வருது. தேசிக்காய் போட்டா கண்ணு வரைக்கும் எரியுது. எரிஞ்சாத்தான் மருந்து பிடிக்குதுன்னு அர்த்தமாம், அம்மா சொல்றாங்க.

மலையில பொண்ணுங்க, "ஐவி மூஞ்சியில கொழுந்து விட்டிருக்கு, கிள்ளவா?"ன்னு கேட்குறாளுங்க. "கிள்ளுங்கடி, நிறுக்கும்போது என் பேருல போடுங்க"ன்னு நானும் சிரிச்சு வச்சேன். கோயில் பாட்டுக் குழுவுக்கு இப்போ போறதில்ல. படம் அப்புறமா அனுப்புறேன்.

எனக்கு மே மாசமே இருபது முடிஞ்சிருச்சு. இன்னும் எத்தனை மாசம் ஆகும்க்கா?

உன் தங்கச்சி,
ஐவி

வவுனியா
03.11.2024

என் ஐவிக்கு,

உன் ஓகஸ்ட் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் வைத்தியப் பரிசோதனை நடந்தது. ஒரு மாணவியின் தாடையைத் தொட்டுப் பார்த்த டாக்டர் அம்மா, "இது ஆழத்தில் வீங்கி வலிக்கிற கட்டி. ஆறினாலும் குழி விழும். சும்மா விட்டால் போகிற பரு இல்லை" என்று அப்போதே தோல் கிளினிக்குக்குத் துண்டுச் சீட்டு எழுதினார். பதிவேடு பிடித்துக்கொண்டு நின்ற நான், "தேய்த்துக் கழுவினால்?" என்று கேட்டேன். "அப்படி யார் சொன்னது?" என்றார். நான் பதிவேட்டில் அடுத்த பெயரை வாசித்தேன்.

ஐவி, நான் படித்தது புவியியல். நீ எழுதியதை இரண்டாம் தடவை வாசிக்காமலே பதில் எழுதினேன். இனித் தேய்க்காதே. கிள்ளாதே. தேசிக்காயைத் தொடாதே. இந்த வாரமே நுவரெலியா ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போ. இதைச் சொல்லத்தான் நேற்று இரண்டு தடவை போன் எடுத்தேன். இரண்டு தடவையும் அம்மாதான் பேசினார். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன். என்மேல் கோபமா?

யூஜினா

கந்தப்பளை
05.12.2024

அக்காவுக்கு,

கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் முதுகையும் பார்த்தாங்க. அவங்க சிங்களத்துல சொன்னதை நர்ஸம்மா தமிழ்ல சொன்னாங்க. முதல்ல ரத்தம் எடுத்தாங்க. அப்புறம் மாத்திரை, ஆறேழு மாசத்துக்கு. அது முடிஞ்சு ஒரு மாசம் வரைக்கும் பிள்ளை தங்கவே கூடாது, பிள்ளைக்கு ஆகாதுன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. உதடு வெடிக்குது, ஆனா வலி குறைஞ்சிருக்கு. கயிறு உரசி உரசித்தான் நெத்தி அவ்வளவு மோசமாச்சாம். தோட்டத்துக்குத் துண்டு குடுத்தாங்க, இப்போ எனக்குக் கூடை சுமக்காத வேலை, தேயிலைக் கன்று வளர்க்குற மேடையில.

கட்டி எல்லாம் வத்திடும்னாங்க. விழுந்த குழியைக் கொஞ்சம் குறைக்கலாமாம். முழுசாப் போகாதாம்.

"முன்னாடியே ஏன் வரல?"ன்னு கேட்டாங்க. தோட்டத்துல லீவு கிடைக்கலன்னு சொன்னேன். பக்கத்துல இருந்த அம்மா, "எங்க பெரியவ டீச்சர். அவ சொல்லித்தான் வந்தோம்"னு நர்ஸம்மாகிட்ட பெருமையாச் சொன்னாங்க. தேய்ச்சது தப்புன்னு நான் அம்மாகிட்ட சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன்.

கோபமான்னு கேட்டிருந்தே. தெரியல. கண்ணாடி பார்க்குற நேரம் இருக்கு, மத்த நேரம் இல்ல.

நத்தாருக்கு வா. என் முகத்தைப் பார்த்து நீ அழுதா அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிரும். அழாம இருக்க முடிஞ்சா மட்டும் வா.

மருந்து மாத்திரையைப் பத்தி இனிமே எழுதாதே, அதை நான் டாக்டர்கிட்ட கேட்டுக்கிறேன். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைப் பத்தி எழுது.

ஐவி