எண்ணெய்ச் சட்டி ஏறிய வீடு

என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் இல்லை என்று தெரிந்த பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. ரங்கூன் விலாசம் இனி எதற்கு? என் கடிதங்களில் வரிக்கு வரி தப்பு கண்டுபிடித்துக் கேலி செய்து பதில் போடுவீர்களே, இதற்கும் போடுங்கள் பார்ப்போம்.

போன வைகாசி. உங்கள் தங்கை தங்கத்தின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த என்னிடமே தளவாய்புரத்துக்காரர் ஒருவர் நம் வீட்டுக்கு வழி கேட்டார். குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து உங்களோடு நடந்து வந்தவராம். மலைப்பாதையில் நீங்கள் காய்ச்சலில் விழுந்ததையும், மூன்றாம் நாள் உயிர் போனதையும், தானே குழி தோண்டியதையும் சொன்னார். இடுப்புக் குடத்தை இறக்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"கல்யாணம் முடியட்டும் அண்ணாச்சி, யார்ட்டயும் சொல்லிராதீய" என்று கும்பிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வேறு என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை வீட்டார் அதுவரை காத்திருப்பார்களா? எனக்காகத் தங்கச்சி கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் என்று கடைசியாக எழுதியதும் நீங்கள்தானே?

எண்ணெய்ச் சட்டியைத்தான் நான் மறந்துபோனேன். துக்க வீட்டில் சட்டி ஏறக் கூடாது. கல்யாண வீட்டிலோ முதல் முறுக்கைச் சுமங்கலிதான் சுற்றிப் போட வேண்டும். அடுப்பு எரிந்தது, எண்ணெய் காய்ந்தது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஏட்டி, நீ உக்காரு. ஒன் கைக்கு முறுக்கு பிரியாது" என்றார் அத்தை, உங்கள் அம்மா.

தலைவலி என்று படுத்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்தேன். மாவை விரலால் முறுக்கி, துணியில் ஏழு சுற்றுச் சுற்றி, எண்ணெயில் விட்டேன். ஒரு சுற்றுகூடப் பிரியாமல் பொன்னாக எழும்பி வந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சாமிக்குப் படைக்கும் முன்பே ஒன்றைத் திருடித் தின்று நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள் நீங்கள். நீங்கள் எந்தக் காட்டிலோ மண்ணுக்குள் கிடக்க, இங்கே பத்துப் பெண்கள் என் கைராசியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். தலை தீபாவளி வந்தது. மறுபடியும் சட்டி, மறுபடியும் நான். இப்போது தங்கத்துக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நம் இராஜபாளையத்து வீட்டிலிருந்து ஐந்து வகைப் பலகாரம் போக வேண்டும். யுத்த காலத்தில் எண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு, அதையும் எங்கெங்கோ அலைந்து வாங்கிவிட்டார் அத்தை. போன வாரம் பார்க்கப் போயிருந்தபோது தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க முறுக்குதான் வேணும்னு வாய் கேக்கு மதினி. அண்ணன் எப்ப வாராவளாம்? கடுதாசி வந்துச்சா?"

"வந்துருவாவ" என்றேன், பூவும் பொட்டுமாக. உங்களுக்காக ஒரு மூலையில் உட்கார்ந்து அழக்கூட எனக்கு வழியில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்கள்.

நேற்றுத் துணிந்துவிட்டேன். அத்தை ஊறிய அரிசியை நிழலில் பரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, "அத்தை, ஒரு விசயம் சொல்லணும்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. அரிசியைத் துழாவிக்கொண்டே, "புள்ள பொறக்கட்டும் தாயி. அதுமுட்டும் சொல்லாத" என்றார்.

எந்த விஷயம் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை. கையை உதறிக்கொண்டு, "பெத்தவ நானே பொறுத்துக்கிட்டு இருக்கேம்லா" என்றார். அவ்வளவுதான். அப்படியானால் கல்யாண அடுப்புக்கு முன்னால் என்னை உட்கார வைத்தபோதே தெரியுமா? யாரும் கேட்காதபடி அவர் எங்கே போய் அழுதார்? அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

நாளை மறுநாள் சட்டி ஏறும். நான்தான் சுற்றுவேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தங்கம் நல்லபடியாகப் பெற்று, குழந்தைக்குப் பேர் வைத்த மறுநாள், அடுப்பை அணைத்துவிட்டு நானும் உங்கள் அம்மாவும் தெருவே திரண்டு வரும்படி உங்களுக்காக அழுவோம். அதன் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் என்னை அடுப்புப் பக்கம் சேர்க்க மாட்டார்கள். சேர்க்க வேண்டாம், போங்கள். ஆனால் அதுவரைக்கும் இந்த வீட்டில் நீங்கள் உயிரோடுதான் இருக்க வேண்டும் அத்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தாலி கழற்றாத
உங்கள் மாமன் மகள்