ஈரத் தலை

அம்மா,

போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதி வைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். செலண்டாரிலுள்ள பெரியம்மா வீட்டிலிருந்து வந்ததும் சாப்பிடுங்கள், ஐஸ்பெட்டியில் நெத்திலி சம்பல் இருக்கிறது.

மூளையில் இருக்கும் நீர்க்கட்டிக்கு நாளைக் காலை ஆபரேஷன். சின்னத் துளை போட்டு நீருக்கு வழிவிடுவார்களாம்.

வேலை முடிந்து வந்து தலைக்குக் குளித்ததால்தான் நீர் கோத்துக்கொண்டது என்று சண்டை போட்டீர்கள். டாக்டரிடம் கேட்டேன். “பொறந்ததிலிருந்தே இருக்குலா” என்றார். இனி நெற்றிப் பற்றுக்கு நீர்க்கோவை மாத்திரை வாங்க வேண்டாம்.

சேகரன் மாமா இன்று சாயங்காலம் ஐந்துக்கு உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரக் காரில் வருவார். வருவதானால் தயாராக இருங்கள்.

யோகேஸ்வரி

பி.கு.: ஆஸ்பத்திரியில் சொன்னபடி இன்று தலைக்குக் குளித்தேன், பச்சைத் தண்ணீரில். இன்னும் காயவில்லை. நீங்கள் இருந்திருந்தால் திட்டிக்கொண்டே துவட்டிவிட்டிருப்பீர்கள்.