பின்பக்கத் தண்டு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய, இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினை, நீ கேட்டபடி அங்குலம் அங்குலமாக அளந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றுவதென்றால் எல்லாமே உயர்ந்த சரக்காக இருக்க வேண்டியதில்லை. மெஷின் மேசையை நகர்த்தும் திருகுத் தண்டு, அந்த பால் ஸ்க்ரூ, நடுத்தரமே தாராளம். கம்ப்யூட்டர் பழசு போதும். மோட்டாரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு பக்கமும் தண்டு நீண்டிருப்பதாக வாங்கு. முன்தண்டு மேசையை ஓட்டட்டும்; பின்தண்டில் கையால் சுற்றும் என் கைப்பிடியை மாட்டிக்கொள்வேன். ஒற்றை உருப்படி வேலைக்குக் கைதான் தோது. கைப்பிடியும் போய்விட்டால் கம்ப்யூட்டர் தெரியாத நான் பட்டறையைப் பெருக்கத்தான் லாயக்கு!

அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சொன்னால் கேட்கிற ஆளா நீ?

உன் அன்பு அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே எல்லாம் வாங்கி அனுப்பிவிட்டேன். நீ இல்லாமல் பட்டறையா? என்ன பேச்சு இது! உன்னளவு நுணுக்கம் யாருக்கு வரும்? பொருத்தி முடிக்கும்வரை நீயே கூட இரு. என் மச்சினன் வந்து ஒரு கை கொடுப்பான். கம்ப்யூட்டர் அவனுக்கு அத்துப்படி.

உன் தம்பி

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

பெட்டி வந்தது. பால் ஸ்க்ரூ அருமை. ஆனால் மூன்று மோட்டாரிலும் பின்தண்டு இல்லை. கடைக்காரன் மாற்றிக் கட்டிவிட்டான் போலிருக்கிறது. திருப்பி அனுப்பலாமா, உடனே எழுது. பிரித்த பெட்டியை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் அன்பு அக்கா

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

கடைக்காரன் பேரில் தப்பில்லை. விலையைப் பார்த்து நான்தான் மாற்றினேன். சின்ன விஷயம். அப்படியே பொருத்திவிடு. மற்றதை நேரில் பேசுவோம்.

தம்பி

மே 6

தம்பிக்கு,

விலையைப் பார்த்தாயா? அப்படியானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார என்று நீ அனுப்பி, பட்டறைக்கு வந்திறங்கிய சுழல் நாற்காலிக்கு ஏன் பார்க்கவில்லை? இத்தனை வருஷம் நான் நின்றுகொண்டுதானே வேலை செய்தேன்.

உன் மச்சினன் வந்திருந்தான். நாற்காலிக்கு இடம் பார்த்துக்கொண்டே, "இனிமே நீங்க வீட்ல நிம்மதியா இருக்கலாம்க்கா. மெஷின எங்கிட்ட விட்டுட்டதா மச்சான் சொன்னாரே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றான். நான் விழித்ததைப் பார்த்து அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

'நீ வேண்டாம் அக்கா' என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு சமாதானமும் ஆகியிருப்பேன். என்னையே அளக்க வைத்து, என்னிடமே யோசனை கேட்டுக் கழுத்தறுத்துவிட்டாயே. வயிறு எரிகிறது. கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா இது?

மோட்டார்களைப் பொருத்திவிட்டேன். அரைகுறையாக விட்டுவரக் கை வரவில்லை. மேசை நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. பட்டறைச் சாவியை உன் மச்சினனிடம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து எதிர்த்தெருப் பட்டறையில் எனக்கு வேலை.

இனி எனக்கு எழுதாதே. மெஷின் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் உன் மச்சினனைக் கேள். அக்கா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்காதே.

அக்கா