மூன்று படகுகளைச் சிக்கவைத்த நங்கூரம்

கிரீஸ், சீரோஸ் தீவுத் துறைமுகம், 11 ஏப்ரல் 2026, காலை பத்து மணி. சிக்கிய படகுகள் மூன்று, சேதம் இல்லை.

அம்மா, முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். காற்று பலமாக வீசுவதால் கப்பல்கள் ஓடவில்லை. நாளை ஈஸ்டருக்கு வர முடியாது.

காலையில் எங்கள் கப்பல் பட்டறையின் படகை நிறுத்தும்போது, பக்கத்துப் படகுகள் இரண்டின் நங்கூரச் சங்கிலிமேல் என் நங்கூரத்தைப் போட்டுவிட்டேன். இதுவரை முகம் கொடுத்துப் பேசாத படகுக்காரி மார்கரோ கத்தினாள்: “எஞ்சினியரே, இவ்வளவு பெரிய கடல்ல வேற இடமே கிடைக்கலையா?”

எல்லோரும் சேர்ந்து பிரித்தோம். “ஊருக்குப் போகலையா? நாளைக்கு எங்க வீட்ல சாப்பிடு. நங்கூரத்தை மட்டும் கொண்டு வராதே” என்றாள் மார்கரோ.

தடித்த காலுறை வாங்கி வை. என் கட்டிலில் துணிகளைக் குவிக்காதே. பட்டறையில் கூப்பிடுகிறார்கள். உன் மகன் லெஃப்டெரிஸ் இனிச் செய்யப்போவது:

1. நாளை மார்கரோ வீட்டில் சாப்பிடுவேன்.
2. அடுத்த வாரம் விடுப்பெடுத்து வருவேன்.
3. நீ எனக்காக உடைக்காமல் வைத்திருக்கும் ஈஸ்டர் சிவப்பு முட்டையை உன் முட்டையோடு மோதி, என்னுடையது உடையாமல் ஜெயிப்பேன்.